கடித்த நகமும் அகதியின் கைத்தொழிலும்

நெருங்கிய உறவைச் சொல்ல வேண்டுமென்றால் "நகமும் தசையும் போல" என்று எங்கள் ஊரில் சொல்லுவார்கள். அந்த நகத்தைத் தசையோடு சேர்த்துக் கடித்துத் துப்புகிறவர்களும் எங்களுக்குள் கனபேர் இருக்கினம். அப்படிக் கடிபட்டுக் குறுகிப்போன நகத்தின் மேல் செயற்கை நகம் கட்டிவிடுவது, நியூ ஜேர்சியில் மான்மவுத் ஜங்ஷன் பக்கத்தில் நான் பல வருடங்களாகச் செய்துவரும் தொழில். இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் ஒரு பாதி பல் வைத்தியர்களுடையது, மற்றப் பாதி அகதிகளுடையது. இந்த இரண்டாம் பாதியை எம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே புத்தாண்டு மலரில் இதை எழுதுகிறேன்.

ஊரில் நகத்தின் கதை

வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது. விளக்கு வைத்த பிறகு வெட்டக் கூடாது. வெட்டின நகம் வீட்டுக்குள்ளே கிடக்கக் கூடாது. நகம் கடிக்கிற பிள்ளைக்கு, "வீட்டுக்குத் தரித்திரம், கையை எடு" என்று முதலில் ஒரு ஏச்சு. அதற்கும் கேட்காவிட்டால் விரல் நுனியில் வேப்பெண்ணெய். கடித்த இடத்தில் சீழ் பிடித்து நகச்சுத்தி வந்துவிட்டால், தேசிக்காயில் ஒரு துளை போட்டு விரலில் மாட்டி விடுவார்கள். மருதோன்றி இலையை அரைத்து நகத்துக்கு வைத்து, விடிய எழும்பி யாருக்கு நல்லாய்ச் சிவந்திருக்கு என்று பார்ப்பதும் ஒரு சந்தோஷம். இவையெல்லாம் எங்கள் வயதுக்காரருக்கு நினைவிருக்கும்.

ஆனால் நினைக்க விரும்பாத ஒன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் முடி வெட்டுவது, சவரம் செய்வது, நகம் களைவது எல்லாம் ஒரு சாதிக்கென்று விதிக்கப்பட்ட வேலை. யாழ்ப்பாணத்தில் குடிமை என்று அதற்கொரு பெயரும் வைத்திருந்தார்கள். அம்பட்டர் என்று அழைக்கப்பட்ட அந்த மக்களுக்குத் தமிழ்நாட்டில் மருத்துவர் என்ற பெயரும் உண்டு. அவர்களின் ஆண்கள் புண்ணுக்கும் கட்டிக்கும் மருந்து போட்டார்கள், பெண்கள் மருத்துவச்சிகளாகப் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். ஊராரின் உடம்பைப் பிறப்பிலிருந்து இறப்பு வரை தொட்டுப் பராமரித்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களைத்தான் ஊர் தன் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தது.

இந்தப் பழைய எண்ணம் கடல் கடந்து எங்களோடு வந்துவிட்டது. "வாத்தியார் வீட்டுப் பிள்ளை, இஞ்சை வந்து ஆக்களின்ரை நகத்தைப் பிடிச்சுக்கொண்டு இருக்குது" என்று ஒரு கலியாண வீட்டில் என் காதுபடவே ஒருவர் சொன்னார். சமையல்கூடத்தில் கோப்பை கழுவியதையும், பெற்றோல் நிலையத்தில் இரவிரவாக நின்றதையும் பெருமையாகச் சொல்லுகிற நாங்கள், பிறர் கையைத் தொடுகிற தொழிலை மட்டும் ஏன் வாய்க்குள்ளே முணுமுணுக்கிறோம்? இதை யோசிக்க வேண்டியிருக்கிறது.

பல்லால் கெட்டதைப் பல் வைத்தியர் திருத்தியது

அமெரிக்காவில் நகத்துக்கென்று தனிக் கடை முதன்முதலில் வந்தது 1878 இல் என்பார்கள். மேரி கொப் என்ற பெண்மணி பிரான்சிலே இந்தக் கலையைப் படித்து வந்து நியூயோர்க்கில் அதைத் திறந்தார். அப்போது செய்யப்பட்டதெல்லாம் வெட்டுவதும், அராவுவதும், மினுக்குவதும்தான். இல்லாத நகத்தை உண்டாக்கும் வித்தை பிறகுதான் வந்தது.

அந்த வித்தை நகம் கடிப்பவர்களுக்காகவே தொடங்கியது என்பதுதான் சுவாரசியம். 1934 இல் சிக்காகோவில் மக்ஸ்வெல் லாப் என்ற பல் வைத்தியர், நகம் கடிக்கிற ஆட்களுக்கென்று "நூ நெயில்ஸ்" என்ற செயற்கை நகத்தை உருவாக்கினார். பிறகு 1954 இல் பிலடெல்பியாவில் பிரெட்ரிக் ஸ்லாக் என்ற இன்னொரு பல் வைத்தியர், வேலை செய்யும்போது தன் நகம் உடைந்துபோக, பல்லுக்குப் பாவிக்கிற அக்றிலிக்கையும் ஒரு துண்டு அலுமினியத் தாளையும் வைத்து அதைச் சரிக்கட்டினார் என்பது இந்தத் தொழிலில் வழங்கிவரும் வரலாறு. தாளை விரல் நுனிக்குக் கீழே அணைவாக வைத்து, மேலே கலவையை வார்த்து, காய்ந்ததும் தாளை எடுத்துவிடுகிற அந்த முறைதான் இன்றைக்கும் எங்கள் கையில் இருக்கிறது. பிலடெல்பியா எங்கள் இடத்திலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்.

அதோடு முடியவில்லை. 1970 களின் கடைசியில் கலிபோர்ணியாவில் ஸ்ருவர்ட் நோர்ட்ஸ்ரொம் என்ற பல் வைத்தியர் தொடங்கியதுதான் கிரியேற்றிவ் நெயில் டிசைன் கம்பனி. ஓ.பி.ஐ. என்று கடைகளில் பார்க்கிற நகப்பூச்சுப் போத்தலின் பெயரும் "ஒடொன்ரோறியம் புறொடக்ற்ஸ்" என்ற பல் வைத்தியச் சாமான் கம்பனியின் சுருக்கம்தான். பல்லுக்கென்று வாங்க வேண்டிய அக்றிலிக்கை நகம் செய்பவர்கள் வாங்கிக்கொண்டு போவதைக் கண்டு, 1981 இல் அந்தக் கம்பனி நகத்தின் பக்கம் திரும்பியது.

ஏன் எல்லோரும் பல் வைத்தியர்கள்? செயற்கைப் பல் முரசு செய்கிற பொருளும் செயற்கை நகம் செய்கிற பொருளும் ஒரே குடும்பம். ஒரு திரவம், ஒரு தூள். ஈரத் தூரிகையைத் தூளில் தொட்டால் ஒரு சிறு உருண்டை திரளும். அதை நகத்தில் வைத்துப் பரவினால் சில நிமிடத்தில் இறுகிவிடும். பல்லால் கெட்ட நகத்தைப் பல் வைத்தியரின் மருந்தே திருத்தியது என்று சொல்லலாம்.

சைகோனிலிருந்து வந்த கைகள்

1975 ஏப்ரல் 30 ஆம் திகதி சைகோன் வீழ்ந்தது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஏறக்குறைய 1,25,000 வியட்நாமியர் அகதிகளாக அமெரிக்கா வந்தார்கள். கலிபோர்ணியாவில், சக்கரமென்ரோ நகரத்துக்கு வடக்கே வைமர் என்ற இடத்தில், முன்பு காசநோயாளருக்கு இருந்த ஒரு பழைய வைத்தியசாலையில் ஒரு முகாம் அமைத்தார்கள். ஹோப் வில்லேஜ், அதாவது நம்பிக்கைக் கிராமம், என்று அதற்குப் பெயர்.

அங்கே உதவி செய்ய வந்தவர்களில் ரிப்பி ஹெட்ரன் என்ற சினிமா நடிகையும் ஒருவர். 1963 இல் ஹிச்கொக் எடுத்த "த பேர்ட்ஸ்" படத்தில் நடித்தவர். இந்தப் பெண்களுக்கு என்ன தொழில் பழக்கலாம் என்று யோசித்து, முதலில் தட்டெழுத்துக்காரரையும் தையற்காரரையும் கூட்டிவந்து பார்த்தார். ஆனால் பெண்களின் கண்ணெல்லாம் அவருடைய நகத்தின் மேலே. அதைக் கண்டுகொண்ட ஹெட்ரன், தனக்கு நகம் செய்கிற டஸ்ரி என்ற பெண்ணை வாரம் ஒருமுறை முகாமுக்குக் கூட்டிவந்து, 20 பெண்களுக்குத் தொழில் பழக்கினார். உடைந்த நகத்தின் மேல் மெல்லிய பட்டுத் துணியை ஒட்டிப் பலப்படுத்துகிற வேலையும் அதில் ஒன்று. பிறகு பக்கத்து அழகுக்கலைப் பள்ளிக்கூடமொன்றில் படித்து, அனுமதிப்பத்திரம் எடுத்து, தெற்குக் கலிபோர்ணியாவில் வேலைக்குப் போனார்கள்.

அதுவரை ஒழுங்காக நகம் செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் சினிமாக்காரரும் பணக்காரரும்தான். வந்த அகதிகள் விலையைக் குறைத்தார்கள், கடையைத் தெருவோரத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொழில் அக்காவிடமிருந்து தங்கைக்கும், தங்கையிடமிருந்து மச்சாளுக்கும் போனது. 1970 களின் கடைசியில் படகேறி வந்தவர்களுக்கும் அதுவே கைகொடுத்தது. கொஞ்ச ஆங்கிலம் போதும், பெரிய முதல் வேண்டாம், சில மாதப் படிப்புப் போதும். ஒலிவெற் றொபின்சன் என்ற கறுப்பினப் பெண்மணியும், சார்லி வோ என்ற வியட்நாமிய அகதியும் லொஸ் ஏஞ்சலிஸில் சேர்ந்து வளர்த்த "மான்ட்ராப்" கடைகள், கறுப்பினப் பெண்களிடையே இந்தத் தொழில் பரவ வழிவகுத்தன. இரண்டு சமூகத்துக்கும் ஒருவர் மொழி மற்றவருக்கு முழுதாகப் புரியாது. கைகள் கதைத்துக்கொண்டன.

1990 களில் கலிபோர்ணியா மாநிலம் இந்தத் தொழிலின் பரீட்சையை வியட்நாமிய மொழியிலேயே எழுத வழி செய்தது. பாருங்கோ, ஒரு அகதிச் சமூகம் ஏறக்குறைய இருபது வருடத்தில் ஒரு மாநில அரசின் பரீட்சையைத் தன் மொழியில் எழுத வைத்திருக்கிறது. இன்று அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வியட்நாமியர் என்று கணக்கிடுகிறார்கள். லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தின் தொழிலாளர் நிலையம் 2018 இல் வெளியிட்ட அறிக்கைப்படி, நாடு முழுவதும் நகத் தொழிலாளரில் 79 வீதம் வெளிநாட்டில் பிறந்தவர்கள்.

அந்த முதல் 20 பேரில் அதிகாரிகளின் மனைவிமாரும் படித்த பெண்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் ஊரில் ஒரு அந்தஸ்து இருந்தது. அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் பிறர் கையைப் பிடித்தார்கள். அந்தப் பிடியில் ஒரு தலைமுறை பல்கலைக்கழகம் போனது.

கடித்த நகத்தில் வேலை செய்வது எப்படி

நகம் கடிப்பவரின் கை மற்றவர்களுடைய கை போன்றதல்ல. நகத்தட்டுக் குறுகி, முன்னுக்குள்ள தசை அதற்கு மேலே புடைத்துக்கொண்டு நிற்கும். ஓரத்தோல் கிழிந்திருக்கும். எச்சில் ஈரத்தில் ஊறி ஊறி நகம் மெத்தென்று இருக்கும். இரத்தம் கசிந்தாலோ சீழ் இருந்தாலோ அன்றைக்கு வேலை செய்யக் கூடாது. ஆறிய பிறகு வரச் சொல்லி அனுப்ப வேண்டும், தேவையென்றால் வைத்தியரிடம் போகச் சொல்ல வேண்டும்.

ரிப் என்று சொல்லுகிற ஆயத்த நகத்துண்டை இவர்களுக்கு ஒட்ட முடியாது, அது பிடித்து நிற்க நகத்தில் இடம் காணாது. ஆகவே ஸ்லாக் காட்டிய வழிதான். கையைக் கழுவி, நகத்தை நன்றாக உலர்த்தி, அடித்தோலை மெதுவாகப் பின்தள்ளி, விரல் நுனிக்குக் கீழே போர்ம் என்கிற ஒட்டுத்தாளை வைத்து, அதன்மேல் உருண்டை உருண்டையாக அக்றிலிக்கை வைத்துக் கட்ட வேண்டும். கலவை தோலில் படவே கூடாது. பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுவதும் விடாது. பிறகு பல் வைத்தியரிடம் போனாலும் அதே குடும்பப் பொருளால் கரைச்சல் வரலாம்.

நீளம் விரல் நுனிவரைதான். முதல் நாளே நீட்டி அழகு பார்க்க ஆசைப்படுவார்கள், விடக் கூடாது. நீண்டால் எங்கேயாவது கொழுவி, கீழே உள்ள மெல்லிய நகத்தையும் கிழித்துவிடும். ஒரு கிழமையில் திரும்ப வரவேண்டும். ஓரம் கிளம்பியிருந்தால் உடனே அராவிச் சரிக்கட்ட வேண்டும், ஏனென்றால் கிளம்பிய ஓரத்தைத்தான் பல் தேடிப் போகும். அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அடியில் வளர்ந்த இடைவெளியை நிரப்பினால் போதும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும், முழு நகமும் புதிதாக வர ஆறு மாதம் அளவில் செல்லும். அந்த ஆறு மாதமும் பல்லுக்கு மொத்தமான ஒரு கவசம் கொடுப்பதுதான் என் வேலை. கடிக்கப் போனால் பல் வழுக்கும். வழுக்கும்போதுதான், கை வாய்க்குப் போயிருக்கிறது என்பதே அந்த ஆளுக்குத் தெரியவரும்.

இது மருந்து அல்ல. 2013 இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் வெளியிட்ட கைந்நூல், நகம் கடித்தலை உடம்பை நோக்கித் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. சிலருக்கு அது வெறும் பழக்கம். சிலருக்கு அடியில் வேறு ஏதோ இருக்கும். நுவார்க் குடிவரவு நீதிமன்றத்தில் தவணை நெருங்க நெருங்க விரல்கள் புண்ணாகி வருகிற ஆட்களை நான் கண்டிருக்கிறேன். முகம் சிரித்தாலும் விரல் பொய் சொல்லாது. அப்படிப்பட்டவர்களிடம் நான் காரணம் கேட்பதில்லை. ஒரு மணித்தியாலம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவையளே கதைப்பினம். சிலருக்கு ஆலோசகரிடம் போகச் சொல்லுவேன். அக்றிலிக்கால் மூட முடியாதது எது என்று தெரிந்திருப்பதும் தொழிலில் ஒரு பகுதி.

சின்னப் பிள்ளைகளுக்கு நான் இதைச் செய்வதில்லை. தாய்மார் கேட்டு வந்தால், நகத்தைக் கட்டையாய் வெட்டி அராவி, கையில் ஏதாவது வேலை கொடுங்கோ, அடிக்காதேங்கோ என்று மட்டும் சொல்லி அனுப்புவேன்.

தொழிலின் மறுபக்கம்

நல்லதை மட்டும் எழுதினால் அது சரித்திரம் ஆகாது. தொடக்கத்தில் பாவித்த மெதைல் மெதாக்கிறிலேற் என்ற திரவம் நகத்தைக் கெடுத்தது. அது கல்லுப்போல இறுகிவிடும். கொழுவுப்பட்டால் செயற்கை நகம் உடையாமல் சொந்த நகம் பிடுங்குப்படும். பலர் முறையிட்டதால் 1970 களின் முற்பகுதியில் உணவு மருந்து நிர்வாகம் நீதிமன்றம் வரை போய், அதைக் கலப்பில்லாமல் விற்ற சரக்குகளைச் சந்தையிலிருந்து எடுக்க வைத்தது. பல மாநிலங்கள் பிறகு அதைத் தடை செய்தன. எதைல் மெதாக்கிறிலேற் அந்த இடத்துக்கு வந்தது. ஆனாலும் பழையது மலிவு என்பதால் இன்றும் ஒளித்துப் பாவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மணம் மூக்கைத் துளைத்தால், அராவ அராவத் தேயாவிட்டால், அசற்றோனில் ஊறவைத்தும் கழராவிட்டால் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று, நகம் செய்துகொள்பவர் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவார். செய்பவர் அந்தத் தூளுக்கும் மணத்துக்கும் நடுவில் பத்து மணித்தியாலம் இருக்கிறார். இதற்காகவே 2005 இல் கலிபோர்ணியாவில் தொழிலாளரும் சுகாதார அமைப்புகளும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு உண்டாக்கினார்கள். 2015 மே மாதத்தில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை இந்தத் தொழிலில் நடக்கும் சம்பளச் சுரண்டலைப் பற்றி விரிவாக எழுதியது. அதன் பிறகு நியூயோர்க் அரசு கடைகளைச் சோதிக்கவும், காற்றோட்டத்துக்கு விதிகள் கொண்டுவரவும் வேண்டியதாயிற்று. அந்தப் பத்திரிகைச் செய்தியில் வந்தவர்கள் பெரும்பாலும் கொரிய, சீன, ஸ்பானிய மொழி பேசும் பெண்கள். எனக்கு அது புதுச் செய்தியல்ல. நான் முதன்முதல் வேலை செய்த கடையில் முதல் இரண்டு மாதமும் பழகுகிற காலம் என்று சொல்லி ஒரு சதமும் தரவில்லை. பேர் தெரியாத ஊரில், கையில் பத்திரம் இல்லாதவளுக்குச் சட்டம் சொல்ல யார் இருந்தார்கள்?

ஆகவே இந்தத் தொழிலுக்குப் போக நினைக்கும் எங்கட பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுவேன். ஒளித்துப் போகாதேங்கோ, பத்திரத்தோடு போங்கோ. நியூ ஜேர்சியில் நகம் செய்வோருக்கான அனுமதிக்கு 300 மணித்தியாலப் படிப்பும் பரீட்சையும் வேண்டும். அந்தப் பத்திரம் கையில் இருந்தால் "சம்பளம் எவ்வளவு, காற்றோட்டம் எங்கே, போத்தலில் என்ன இருக்கு" என்று கேட்க வாய் வரும். வெட்கப்பட்டு மறைக்கிற தொழிலில்தான் சுரண்டுகிறவனுக்கு வசதி.

பாதைகள் சந்திக்கிற இடம்

மான்மவுத் ஜங்ஷன் என்ற பெயரைக் கேட்டு, ரயில் நிலையம் எங்கே என்று புதிதாக வருபவர்கள் தேடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூ பிறன்ஸ்விக்குக்கும் ட்ரென்ரனுக்கும் இடையே போன பெரிய பாதையோடு, ஜேம்ஸ்பேர்க் பக்கத்திலிருந்தும் றொக்கி ஹில் பக்கத்திலிருந்தும் வந்த கிளைப் பாதைகள் கூடிய சந்தி இது. இப்போது வேக ரயில்கள் நில்லாமல் பறந்து போகின்றன, ஏறி இறங்க நிலையம் இல்லை. ஆனால் சந்தி என்ற பெயர் மாத்திரம் பொருத்தமாக நிலைத்துவிட்டது. என் மேசைக்கு முன்னால் ஒரே நாளில் ஒரு தெலுங்குக் கணினிப் பொறியியலாளர், ஒரு சீன மாணவி, பரீட்சைக்குப் படிக்கிற எங்கட ஒரு பிள்ளை என்று வந்து கை நீட்டுவார்கள். வேலை போய்விடுமோ, வீசா முடிந்துவிடுமோ, புள்ளி குறைந்துவிடுமோ என்று ஆளுக்கொரு பயம். கடித்த நகம் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது.

நகம் கடிப்பவரை நீங்கள் கூட்டத்தில் எளிதாக அடையாளம் காணலாம். கையை மடக்கியே வைத்திருப்பார்கள். படம் எடுக்கும்போது பின்னால் கட்டிக்கொள்ளுவார்கள். கோயிலில் விபூதி வாங்கும்போதுகூட உள்ளங்கையை மட்டும் காட்டி விரலைச் சுருட்டுவார்கள். இந்தச் சித்திரைப் புத்தாண்டில் பெரியவர்கள் கைவிசேஷம் கொடுக்கும்போது, கூச்சப்பட்டு நீளுகிற ஒரு கையை உங்கள் வீட்டிலும் காணக்கூடும். காசை அந்தக் கையில் வையுங்கோ. நகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாதேங்கோ. அந்தக் கையை ஒரு நிமிடம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டிருந்தால் அதுவே போதும்.